இல்லத்தரசி என்று எழுதியவன்

என் மனைவியின் இருமலில் இரண்டு வகை உண்டு. ஒன்று தொண்டையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். மற்றது அடியிலிருந்து வரும். அது வந்தால் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, எதிரே இருக்கும் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். போன மழைக்காலத்துக்குப் பிறகு இரண்டாவது வகை அதிகமாயிற்று. நான் சமையலறை ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஓய்வு பெற்றவனுக்குப் பயப்பட நேரம் நிறைய.

மாமல்லபுரத்தில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அங்கே முப்பது வருஷமாக அவள் கருங்கல் செதுக்குகிறாள். ஓட்டல் வாசலுக்கான பிள்ளையார்கள் அல்ல, உட்கார்ந்திருக்கும் பெண்கள். மீன் விற்றுவிட்டுக் காலியான கூடையோடு உட்கார்ந்திருப்பவள், பஸ்ஸுக்காகக் காத்திருப்பவள். காலையில் மூன்று மணி நேரம் அதற்கு. பத்து மணிக்கு நான்கு பெண்கள் கற்றுக்கொள்ள வருவார்கள். பன்னிரண்டரைக்குக் குளித்து, புடவை மாற்றி, பேத்திக்குச் சோறு ஊட்டுவாள். சிறுசேரிக்கு வேலைக்குப் போகும் மகள் குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டுப் போவாள். பன்னிரண்டரை வரைக்கும் அது என் பொறுப்பு. தூசிப் புடவையோடு அவள் குழந்தையைத் தொட்டதே இல்லை. இவ்வளவு ஒழுங்காக ஓர் அலுவலகம் நடந்து நான் பார்த்ததில்லை.

அலுவலகத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. வேலை பார்த்த காலமெல்லாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் இருந்தவன். எந்தத் தாள் எந்த மேசைக்குப் போய், எதற்காகத் திரும்பி வரும் என்பது எனக்கு அத்துப்படி. பெரும்பாலும், புதிய தாள் பழைய தாளோடு ஒத்துப்போகாததால்தான் திரும்பி வரும். கல்யாணமான புதிதில் மருத்துவ அட்டைக்கு விண்ணப்பித்தபோது, மனைவியின் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதினேன். அப்போது அவள் உளியைத் தொடவில்லை, எழுதியது சரிதான். அதன்பிறகு எந்தப் படிவம் வந்தாலும் பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதையே எழுதினேன். செங்கல்பட்டில் மருத்துவமனைக்குப் போனபோதும் அதையேதான் எழுதினேன்.

நெஞ்சுப் படத்தில் வெள்ளைப் புள்ளிகள். இளம் டாக்டர் படிவத்தைப் பார்த்துவிட்டு, “வீட்ல விறகடுப்பாம்மா?” என்று கேட்டார். அவள் இருமிக்கொண்டிருந்தாள். “கேஸ்தான் டாக்டர்” என்று நான் பதில் சொன்னேன். சளியில் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் படம் காசநோய் மாதிரி இருக்கிறது, மாத்திரையைத் தொடங்கிவிடலாம் என்றார் அவர்.

அன்று மாலையே மகள் போன் செய்தாள். “கொஞ்ச நாள்தாம்மா. பாப்பாவ க்ரெஷ்ல விட்டுக்கறேன். தப்பா எடுத்துக்காத.” மறுநாள் நான்கு மாணவிகளில் ஒருத்தி மட்டும் வந்தாள், அதுவும் கேட் வரைக்கும்.

“டீச்சர், வூட்ல வுட மாட்டேங்கறாங்க. மாமியா ஒரே பேஜாரு பண்ணுது. கைக்கொழந்த வேற கீது.”

“அதுக்கு ஏன்டி அழுவுற? வூட்டுக்குப் போ. உன் உளிய வெச்சிட்டுப் போ, தீட்டி வெக்கிறேன்.”

குழந்தை இல்லை, வகுப்பு இல்லை. முழு நாளும் அவளுக்கு மிஞ்சியது. “இன்னாங்க, இருவது வருசமா கேட்டுகினு இருந்த லீவு இப்பதான் சாங்ஷன் ஆயிருக்குது” என்று சிரித்தாள். ஆள் உயரக் கல் ஒன்று வெகுநாளாகக் கிடந்தது. அதைத் தொடங்கினாள். காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் மாலைதான் வெளியே வருவாள். கல் தேய்க்கும் கிரைண்டர் ஓடும்போது கொட்டகைக்குள் ஆள் தெரியாது, வெள்ளைப் புகைமூட்டம்தான். நான் அட்டவணை ஒட்டி, வேளை தவறாமல் மாத்திரை கொடுத்து, டிக் அடித்துக்கொண்டிருந்தேன். அவள் உற்சாகமாக இருப்பதைப் பார்த்து, மருந்து வேலை செய்கிறது என்று மகளிடம்கூடச் சொன்னேன்.

இரண்டு மாதத்தில் ரவிக்கைகள் தொளதொளத்தன. தெருமுனைக் கடைக்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றாள். மறுபடியும் செங்கல்பட்டு. இந்த முறை ஸ்கேன். முடிவுக்காக மருத்துவமனை நடையில் உட்கார்ந்திருந்தோம். புற்றுநோய் என்ற வார்த்தையை யார் முதலில் சொல்வது என்று நாங்கள் இருவரும் காத்திருந்தோம். அவள் எதிர்ச் சுவரில் இருந்த விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த முறை பார்த்தவர் வயதான டாக்டர். படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, நாடி பார்க்க அவள் கையைப் பிடித்தவர் விடவில்லை. திருப்பிப் பார்த்தார்.

“கையெல்லாம் இவ்ளோ காய்ப்பு ஏம்மா?”

“உளி புடிக்கிற கை சார். கல்லு செதுக்கறேன்.”

“எவ்ளோ நாளா?”

“முப்பது வருசமா.”

அவர் கோப்பின் முதல் பக்கத்துக்குப் போனார். “இல்லத்தரசின்னு போட்டிருக்கே?”

“அது அவுரு எழுதனது சார்” என்றாள் என்னைப் பார்க்காமல். “அவுரு எழுத்து முத்து முத்தா இருக்கும்.”

டாக்டர் மறுபடியும் படத்தை விளக்கில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். கல்தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகியிருக்கிறது. அந்தத் தழும்பை மாற்ற மருந்து கிடையாது. இனி மேலும் சேராமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி. காசநோய் மாத்திரையை நிறுத்திவிடலாம்.

“இந்த ரெண்டு மாசம் தூசியில இருந்தீங்களா?”

“கொஞ்ச நேரம்தான் சார்” என்றாள் அவள்.

அந்தப் பொய் எனக்காகச் சொன்னது. “தினமும் எட்டு மணி நேரம்” என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எத்தனையோ அதிகாரிகள் முன்னால் விளக்கம் எழுதிக் கொடுத்தவன் நான். அன்று கோப்பில் இருந்த என் எழுத்தையே பார்த்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டும்போது கேட்டாள். “இது ஒட்டாது இல்ல?”

“ஒட்டாது.”

“அப்ப பாப்பாவ நாளைக்கே வரச் சொல்லுங்க.”

குழந்தை வந்தது. மாணவிகளில் இருவர் வந்தார்கள். இப்போது அவள் கொட்டகைக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டு, உள்ளே செதுக்குகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். மாஸ்க் இல்லாமல் அவர்களை உளி எடுக்க விடுவதில்லை. காலையில் காற்று ஊர்ப் பக்கமிருந்து வரும். பதினோரு மணி வாக்கில் திரும்பிக் கடல் பக்கமிருந்து வீசும். தூசி அவள் பக்கம் போகாதபடி அதற்கேற்ப நாற்காலியை இடம் மாற்றுவது என் வேலை. பதினோரு மணிக்கு முன்பே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்து நிற்பேன். ஆள் உயரக் கல்லில் இன்னும் முகம் வரவில்லை.

சென்ற வாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்தேன். நாற்காலி காலியாக இருந்தது. மாணவிகள் இருவரும் வெளியே நின்றிருந்தார்கள். உள்ளே உளிச் சத்தம்.

“சொன்னா கேக்க மாட்டேங்குது சார்” என்றாள் ஒருத்தி. “எங்களையும் வெளிய தொரத்திடிச்சி.”

குழந்தையை அவளிடம் கொடுத்தேன். நிறுத்து என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கிணற்றடிக் குழாயைத் திறந்து, ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். கல் நனைந்திருந்தால் தூசி பறக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். செதுக்கலாம் என்று அவர் சொல்லவில்லை.

மாஸ்க்குக்குள் அவள் மூச்சு விசில் மாதிரி கேட்டது. கல்லின் மேல் தண்ணீர் விட்டேன். பாதி அவள் புடவையில் கொட்டியது.

“உன் மாஸ்க் எங்கய்யா?” என்று சீறினாள். கோபம் வந்தால்தான் எனக்கு மரியாதை குறையும். “ஒரு வூட்டுக்கு ஒரு நோவு போதாதா? வெளிய போ.”

நான் போகவில்லை. தோளில் கிடந்த துண்டை நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். உளி எங்கே போகிறதோ அங்கே தண்ணீரைக் கொண்டுபோனேன். ஆள் உயரக் கல்லில் கன்னம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அவள் மூச்சு உள்ளே போய்த் திரும்புகிறதா என்று கேட்டுக்கொண்டே நின்றேன்.