அரண்மனைத் தோட்டத்தில் அம்மாவைக் காணோம்

இன்று மாலை எங்கள் மலையூர் கோலா தெர்லாவில் லோரியில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். அம்மா அழைத்தார். வியன்னாவில் வேலை செய்யும் தம்பி சிவாவைப் பார்க்கப் போயிருக்கிறார்.

"சிவாவ காணோம்பா," என்றார்.

பழைய பரோக் பாணி அரண்மனை ஒன்றைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். அவன் டிக்கெட் வாங்கி வருவதற்குள் அம்மா தோட்டத்துக்குள் நடந்துவிட்டார்.

"கட்டடம் தெரியுதாம்மா?"

"ஒண்ணும் தெரியல. என் தலைக்கு மேல செடிய செவுரு மாதிரி வெட்டி வச்சிருக்கானுங்க. எங்க திரும்புனாலும் ஒரே மாதிரி இருக்கு. போன்ல பேட்டரியும் இல்லலா."

முப்பது வருடம் தேயிலை மலையில் கொழுந்து வெட்டியவர், ஒரு நாளும் வழி தவறாதவர்.

"அங்கயே உக்காருங்கம்மா, நகராதீங்க," என்று சொல்லும்போதே இணைப்பு அறுந்தது. சிவாவின் எண்ணோ ஓயாமல் பிஸி. பாஷை தெரியாத ஊர், சர்க்கரை வியாதி, வயது அறுபத்தாறு. லோரிக்காரர் கூப்பிட்டதுகூட எனக்குக் கேட்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து சிவா வீடியோவில் வந்தான். பக்கத்தில் அம்மா.

"எப்படிம்மா வெளிய வந்தீங்க?"

"கத்திரி சத்தம் கேட்டுச்சு. கொழுந்து வெட்டுற அதே சத்தம். அத புடிச்சே போனேன். தோட்டக்காரன் வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டான்."

அப்புறம்தான் லோரிக்காரர் பக்கம் திரும்பினேன்.

நாளைக்கு இன்னோர் அரண்மனையாம். அம்மா சரி என்றுவிட்டார். எனக்குத்தான் இன்னும் பயம் போகவில்லை. பெற்றோரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் யாராவது உண்டா? எப்படி என்று சொல்லுங்கள்.