தொண்ணூறாம் நம்பர் ஜெட்

ஊரில் எல்லோரும் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடும் இன்ஜின்மேல் ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கோளாறைச் சொல்லிவிடுகிற மெக்கானிக். இருபத்தாறு வருடத் தொழில். மனிதர்கள் பேசினால் மட்டும் பாதிக்கு மேல் கேட்க மாட்டார். மனைவி இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

அவருடைய பெருமையெல்லாம் ஜெட்டில் இருந்தது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குள் திருகியிருக்கும் குட்டிப் பித்தளைத் துண்டு அது. நடுவில் மயிரிழை ஓட்டை, பெட்ரோல் அதன் வழியாகத்தான் போகும். குளிர்காலக் காற்று கெட்டியானது, பெட்ரோலைக் கூடுதலாகக் கேட்கும். அதற்குத் தொண்ணூற்றைந்தாம் நம்பர். வெயில் வந்தால் சின்ன ஓட்டை போதும், தொண்ணூறு. மற்ற பட்டறைக்காரர்கள் வருடம் முழுக்க ஒன்றையே போட்டு ஓட்டுவார்கள். இவர் பருவத்துக்குப் பருவம் மாற்றுவார். கழற்றியதை அந்தந்த வண்டிக்காரர் பேர் எழுதிய டப்பாவில் போட்டு வைப்பார்.

வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப்போடும் நர்ஸ் ஒருத்தி அவரிடம் வருவாள். அவள் பிழைப்பு அண்ணன் வாங்கிக் கொடுத்த சின்ன பைக்கில்தான் ஓடியது. வெயில் தொடங்கியதும் டப்பாவிலிருந்த அவளுடைய தொண்ணூறை எடுத்துப் போட்டார். பத்தாம் நாள் வந்து நின்றாள்.

“அண்ணே, காலைல நல்லாதான் போகுது. வெயில் ஏற ஏறத்தான் திணறுது. கறுப்பா புகை வேற வருது.”

அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். கரி அப்பியிருந்தது. “ஸ்டார்ட் பண்ண சோக்கை இழுத்துட்டு, திருப்பி விட மறந்துடுறீங்கம்மா. பெட்ரோல் கூடுதலாப் போயிடுது.”

“நான் சோக்கைத் தொடுறதே இல்லண்ணே.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

இன்னும் இரண்டு தடவை வந்தாள். பிளக்கைத் துடைத்துக் கொடுத்து அனுப்பினார். அடுத்த வாரம் நடுச் சந்தியில் வண்டி நின்றுபோய், பின்னால் வந்த வேன் லேசாக உரசிவிட்டது. மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன், தங்கையையும் கூட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளியபடி வந்தான். பட்டறையில் அப்போது பத்துப் பேராவது இருப்பார்கள்.

“ஒரே வார்த்தைல சொல்லுங்க. கோளாறு வண்டிலயா, ஓட்டுறவகிட்டயா?”

“வண்டில ஒண்ணுமில்ல. சிலருக்குக் கை வராது, என்ன செய்யிறது?”

அண்ணன் அங்கேயே அவளிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டான். மறுநாளிலிருந்து அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்தாள்.

மூன்று வாரம் கழித்து அண்ணன் வந்தான். “எனக்கும் புகையுதுங்க” என்று வண்டியை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் டீ குடிக்கப் போனான்.

காதுக்காரர் கார்புரேட்டரைப் பிரித்தார். ஜெட்டைக் கழற்றினார். புதிதாக ஒரு தொண்ணூறை எடுத்து, ஒரே கம்பியை இரண்டிலும் விட்டுப் பார்த்தார். புதியதில் நுழையவில்லை. பழையதில் வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. போன வருடம் வெயில் முடியும் சமயத்தில் அது அடைத்துக்கொண்டபோது, காற்றடித்து எடுக்கப் பொறுமையில்லாமல் பிரேக் கேபிளின் இழையை விட்டுக் குடைந்தது அவரேதான். இரும்புக்குப் பித்தளை தாங்குமா? ஓட்டை பெருத்துவிட்டது, மேலே நம்பர் மட்டும் தொண்ணூறாகவே இருந்தது. இதே காரியத்துக்காக எத்தனை பேரை அவர் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். அவள் சொன்னது அத்தனையும் சரி. குளிர்ந்த காலையில் அந்தக் கூடுதல் பெட்ரோல் எரிந்துவிடும், வெயிலில் மிஞ்சிப் புகையாகும்.

அண்ணன் திரும்புவதற்குள் புதியதை மாட்டி மூடினார். அவன் வந்ததும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். “சுத்தம் பண்ணிட்டேன்” என்றுதான் வந்தது.

அவன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். “பாத்தீங்களா, ஆள் மாறினா வண்டியும் அடங்கிடுது” என்று சிரித்தான். இவரும் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசும்.

மறுநாள் காலை அவள் வரும் தெருமுனையில் காத்திருந்து, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

“எங்கிட்ட எதுக்குண்ணே சொல்றீங்க? நான் சோக்கைத் தொடலன்னு எனக்குத் தெரியாதா?” அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். “அன்னிக்கு அங்க பத்துப் பேரு இருந்தாங்க.”

மாலையில் பட்டறை நிறைந்திருக்கும் நேரம் பார்த்து அண்ணனை வரச் சொன்னார். பழைய ஜெட்டை அவன் உள்ளங்கையில் வைத்தார். முதலில் முணுமுணுத்தார்; இரண்டாம் தடவைதான் எல்லோருக்கும் கேட்டது.

“தப்பு என்னோடதுதான். இதோட ஓட்டையைக் குடைஞ்சு பெருசாக்கினது நான். உங்க தங்கச்சி நல்லாத்தான் ஓட்டினாங்க. அன்னிக்கு நான் சொன்னது பொய்.”

அண்ணன் ஜெட்டை உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“பரவால்ல விடுங்க, மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும். ஆனா வண்டி இப்ப எனக்குத் தோதா இருக்கு. அவளுக்கும் நடந்து பழகிடுச்சு.”

பட்டறையைக் கடந்துதான் அவள் போயாக வேண்டும். அவள் வருவது தெரிந்தால், கையில் வேலை இல்லாவிட்டாலும் காதுக்காரர் ஏதாவது ஒரு வண்டிக்குப் பின்னால் குனிந்துகொள்கிறார்.