கிள்ளான் கடையில் கிரீம் பாஸ்தா

ரவாங் ரயிலுக்கு நேரமிருக்கிறது. கிள்ளான் நிலையத்துக்கு எதிரே மளிகைக் கடையில் மழைக்கு ஒதுங்குகிறேன். நல்ல பசி. உறைந்த கிரீம் பாஸ்தா டப்பா ஒன்றை எடுத்துக் கல்லாவில் இருக்கும் பெண்ணிடம் நீட்டுகிறேன்.

"எப்படி இருக்கும் அக்கா?"

"தெரியாதுலா. ரெண்டு வருஷமா விக்கிறேன், ஒரு நாளும் சாப்பிட்டதில்ல."

சிரித்தபடி மைக்ரோவேவில் வைத்துச் சூடாக்கித் தருகிறார். மூடியைப் பிரித்ததும் பூண்டும் வெண்ணெயும் மணக்கின்றன. இன்னொரு முள்கரண்டி எடுத்து அவரிடம் கொடுக்கிறேன். தயங்கித் தயங்கி ஒரு வாய் சாப்பிடுகிறார். உடனே இன்னொரு வாய்.

"நல்லா இருக்கே! கொஞ்சம் சம்பால் போடவா?"

தன் மதியச் சாப்பாட்டிலிருந்து மிளகாய்ச் சம்பாலை எடுத்துக் கலக்குகிறார். வெள்ளை கிரீம் சிவக்கிறது. நாக்கு எரிய எரிய வழித்துச் சாப்பிடுகிறோம்.

அடுத்து வந்த பெரியவர் எட்டிப் பார்க்கிறார். "என்னம்மா அது?"

"பாஸ்தா அங்கிள்! எடுத்துட்டுப் போங்க, சம்பால் நான் தரேன்."