மரத்தில் தொங்கியபடி சொன்ன செபமாலை

கடந்த மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை, நான் ஒரு பெரிய மரத்தில் தரையிலிருந்து ஐந்து மீற்றர் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன். இறங்க வழியில்லை. ஏறவும் வழியில்லை. தொலைபேசி காருக்குள் கிடந்தது. நான் எந்தக் காட்டில் இருக்கிறேன் என்பது ஒரு மனிதருக்கும் தெரியாது. என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அங்கிருந்து ஆண்டவர் என்னை எப்படி இறக்கிவிட்டார் என்பதைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவன்.

என் பெயர் மரியதாஸ். டேனிஷ் நகரமான சில்க்போர்க்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மனைவி றெஜினாவுக்கு முதியோர் பராமரிப்பில் வேலை. ஒரே மகள் சாராவுக்குப் பதினைந்து வயது. என்னோடு வேலை செய்யும் நீல்ஸ் என்ற டேனிஷ்காரன்தான் மூன்று வருடத்துக்கு முன் என்னை வேட்டைக்கு இழுத்துவிட்டான். படித்து, பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்து, துவக்கும் வாங்கினேன். மூன்று வருடத்தில் ஒரு மான்கூட விழவில்லை. செபக் குழுவில் நீங்கள் எல்லோரும் "இறைச்சி எங்க, இறைச்சி எங்க" என்று பகிடி பண்ணியதை மறக்கவில்லை.

காட்டில் நிரந்தரமாகக் கட்டிய பரண்கள் உண்டு. நான் கொண்டுபோவது பரண் இல்லை, மரத்தில் ஏறும் இருக்கை. அது இரண்டு துண்டு. மேல் துண்டில் குந்துவது, கீழ்த் துண்டில் கால் வைப்பது. இரண்டையும் மரத்தைச் சுற்றி மாட்டி, மேலதைக் கையால் கொஞ்சம் உயர்த்தி, பிறகு கீழதைக் காலால் இழுத்து உயர்த்தி, மயிர்க்கொட்டிப் புழு மாதிரி ஊர்ந்து ஏற வேண்டும். பரண் என்றால் தேடி வருபவருக்கு இடம் தெரியும். இதில் போனவன் எந்த மரத்தில் இருக்கிறான் என்பது அவன் சொன்னால்தான் தெரியும்.

நீல்ஸ் ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டைப் பாடுவான். தரையில் நிற்கும்போதே பாதுகாப்புப் பட்டியை உடம்பில் போட்டு மரத்தோடு மாட்டு. இரண்டு துண்டையும் கயிற்றால் ஒன்றோடொன்று கட்டு. துவக்கிலிருந்து குண்டை எடுத்துவிட்டுக் கயிற்றில் ஏற்று, கயிற்றில் இறக்கு. தொலைபேசி சட்டைப்பையில் இருக்கட்டும். எங்கே போகிறாய் என்று வீட்டில் சொல்லிவிட்டு வா. "யாழ்ப்பாணத்தானுக்கே மரம் ஏறப் படிப்பிக்கிறாயா?" என்று நான் சிரிப்பேன். உண்மையைச் சொன்னால், நான் ஊரில் கொய்யா மரத்துக்கு மேல் எதிலும் ஏறியதில்லை.

அந்தக் கடைசி விதியை நான் ஒரு நாளும் கடைப்பிடித்ததில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருவர் வெளிக்கிடும்போது எங்கே என்று நம்மவர் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் சரிவராது. ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்குகிறவனுக்கு இது என்ன பயம் என்று நீங்கள் சிரிக்கலாம். ஒருமுறை நான் சப்பாத்துப் போடும்போது சாரா "எங்கே போறீங்கள்?" என்று டேனிஷில் கேட்டுவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் திரும்பி வந்து கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்து, அரை மணித்தியாலம் கழித்துத்தான் போனேன். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை சாராவுக்கு உறுதிபூசுதல் சடங்கின் ஒத்திகை. ஒன்பது மணிக்குக் கோவிலில் நிற்க வேண்டும். நான் விடியும் முன்னரே வெளிக்கிட்டேன். றெஜினா எழும்பி வந்து கதவடியில் நின்றாள். எங்கே என்று கேட்கவில்லை. நம்மவர் வழக்கப்படி "தூரமோ?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லை, கிட்டத்தான். ஏழரைக்கு வந்திடுவன்" என்றேன்.

காட்டில் அவசரப்பட்டேன். வெளிச்சம் வரப் பார்த்தது. பட்டியைப் போட்டேன், மரத்தோடு மாட்டினேன். இரண்டு துண்டையும் இணைக்கும் கயிற்றைக் கட்டவில்லை. "ஒரு நாளைக்கு என்ன வரப்போகுது" என்று நினைத்தேன். தொலைபேசி சத்தம் போட்டால் மான் ஓடிவிடும் என்று அதையும் காரிலேயே விட்டிருந்தேன்.

ஆறரை போல, மானையும் காணாமல், துவக்கையும் பையையும் கயிற்றில் கீழே இறக்கிவிட்டு நானும் இறங்கத் தொடங்கினேன். மேல் இருக்கையில் குந்திக்கொண்டு, கீழ்த் துண்டின் பிடியைத் தளர்த்திக் கீழே நகர்த்த அதைக் காலால் கொஞ்சம் தூக்கினேன். பனியில் நனைந்த சப்பாத்து வழுக்கியது. கால் வெளியே வந்தது. கீழ்த் துண்டு மரத்தை உரசிக்கொண்டு சடசடவென்று தரைக்குப் போய்விட்டது. பதறிப்போய் எட்டிப் பிடிக்கப் பார்த்தேன். இருக்கை சரிந்தது. நான் வழுக்கி விழுந்தேன்.

பட்டி பிடித்துக்கொண்டது. நெஞ்சும் தொடையும் இறுகி மூச்சு நின்றது போல இருந்தது. உயிரோடு இருக்கிறேன் என்று முதலில் சந்தோசம். அடுத்த நிமிடமே பயம். பிடிக்கக் கிளை இல்லை. மரத்தைக் கட்டிப்பிடிக்கவும் முடியவில்லை, அவ்வளவு பருமன். கால்கள் விறைக்கத் தொடங்கின. தொங்கிக்கொண்டே இருந்தால் காலில் இரத்தம் தேங்கி மனிதன் மயங்கிவிடுவான், செத்தும் போவான் என்று நீல்ஸ் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. கத்தினேன். டேனிஷில் கத்தினேன், தமிழில் கத்தினேன். கொஞ்ச நேரத்தில் தொண்டை அடைத்துவிட்டது.

பிறகுதான் செபித்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அது செபமே இல்லை, சண்டை. "ஆண்டவரே, பிள்ளையின்ர உறுதிபூசுதலுக்கு முன்னமோ என்னைக் கூப்பிடுறீர்?" என்று அழுதேன். அழுது முடிய, பட்டியின் பையில் நீல்ஸ் ஒரு நாடாவைத் திணித்து வைத்தது நினைவுக்கு வந்தது. அதைப் பட்டியில் மாட்டி, அதன் வளையத்துக்குள் காலை விட்டு எழுந்து நின்றேன். தொடையில் இறுக்கம் குறைந்தது. கால் மாறி மாறி நின்றேன். கையில் செபமாலை இல்லை. விரல்களில் எண்ணி அருள் நிறைந்த மரியே செபத்தைச் சொல்லத் தொடங்கினேன்.

ஒரு செபமாலை முடிந்தது. இரண்டாவது முடிந்தது. யாரும் வரவில்லை. வெளியே சிரித்துக்கொண்டு திரிகிறவனுக்குத் தெரியாது, நம்பிக்கை எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று. நாலாவதில் சொற்கள் தடுமாறின. கண் இருட்டியது.

அதே நேரத்தில் வீட்டில் நடந்ததை றெஜினா எனக்குப் பிறகு சொன்னாள். ஏழே முக்கால் வரை பொறுத்திருக்கிறாள். எனக்கு அழைத்தால் பதில் இல்லை. நீல்ஸுக்கு அழைத்தாள். அவன் விடுமுறையில் நோர்வேயில். "எங்களுக்கு இரண்டு காடு இருக்கிறது. ஒன்று உங்கள் வீட்டிலிருந்து கால் மணித்தியாலம். மற்றது கிரின்ஸ்டெட் பக்கம், ஒரு மணித்தியாலம். எதற்குப் போனான்? உனக்குச் சொல்லவில்லையா?" என்று அவன் கேட்டபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கிட்டத்தான் என்று நான் சொன்ன ஒரு சொல் மட்டும் அவளிடம் இருந்தது. சாராவையும் ஏற்றிக்கொண்டு, தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியாரை மன்றாடியபடி, தன்னுடைய சின்னக் காரில் கிட்டவுள்ள காட்டுக்கு வந்தாள். பாதையோரம் என் கார் நின்றது. அதற்கு மேல் எந்தத் திசை என்று தெரியாது. எல்லா மரமும் புது இலை போட்டு மேலே ஒன்றும் தெரியாத காலம்.

எனக்குக் கேட்டது இதுதான். தூரத்தில், அந்த டேனிஷ் காட்டுக்குள், "இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!" என்ற குரல்.

கல்யாணம் கட்டி இருபது வருடமாகியும் றெஜினா என் பெயரைச் சொன்னதில்லை. கடையிலும் இஞ்சாருங்கோ, கோவிலிலும் இஞ்சாருங்கோ. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. பட்டியில் சும்மா தொங்கிய இரும்புக் கொழுக்கி ஒன்றைக் கழற்றி, மேலே சரிந்து நின்ற இருக்கையின் இரும்புச் சட்டத்தில் எட்டிய மட்டும் அடித்தேன். அவள் மூச்சு விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு கூப்பிடுதலுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி இல்லை. என் தட்டல் அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது? குரல் வலப்பக்கம் போனது. பிறகு சிறிதாகிக்கொண்டே போனது.

அந்த நிமிடத்தைப் போல நான் வாழ்க்கையில் பயந்ததில்லை. "ஆண்டவரே, அவளைத் திருப்பி விடும்" என்று மட்டும் சொன்னேன்.

அங்கே சாரா தாயைப் பிடித்து நிறுத்தி டேனிஷில் சத்தம் போட்டிருக்கிறாள். "அம்மா, அப்பாவுக்குப் பெயர் இருக்கிறது! பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்!"

"மரியதாஸ்!"

காடு முழுக்கக் கேட்டது. ஒரேயொரு தரம்தான். அந்தப் பெயரைச் சொன்னதும் அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாளாம். காடு அமைதியானது. நான் அடித்தேன். டொங், டொங், டொங். பைத்தியக்காரன் மாதிரி அடித்தேன்.

"அம்மா, அங்கே!" என்ற சாராவின் குரல் கேட்டது. மரத்தடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்த றெஜினா சொன்ன முதல் வார்த்தை, "உங்களுக்கு மூளை இருக்கோ?"

அந்த ஏச்சைப் போல இனிமையான பேச்சு நான் கேட்டதில்லை. சாரா அவசர இலக்கத்துக்கு அழைத்தாள். தீயணைப்புப் படையினர் ஏணியோடு வந்து என்னை இறக்கினார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தொங்கியிருக்கிறேன். மருத்துவமனையில் ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். அந்த நாடாவில் ஏறி நின்றிராவிட்டால் இப்படிக் கதைத்துக்கொண்டிருக்க மாட்டாய் என்றார் வைத்தியர். சாராவின் உறுதிபூசுதலுக்கு நான் முன்வரிசையில் இருந்தேன். என் கண்ணீரைப் பார்த்துப் பிள்ளைக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வேட்டையை நான் விடவில்லை. பயம் முற்றாகப் போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன். கயிற்றைக் கட்டி, இழுத்துப் பார்த்து, திரும்பவும் இழுத்துப் பார்ப்பேன். வெளிக்கிடும்போது கதவடியில் நின்று எந்தக் காடு, எந்தப் பாதை, எந்தப் பக்கம் என்று றெஜினாவுக்குச் சொல்கிறேன். அவள் அதை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிறாள். காரியம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மான் மட்டும் இன்னும் விழவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் யாராவது இன்று ஏதோ ஒன்றில் தொங்கிக்கொண்டிருக்கலாம். வருத்தமோ, வேலையோ, பிள்ளைகளோ, எனக்குத் தெரியாது. தொண்டை அடைத்தாலும் கூப்பிடுங்கள். சண்டை பிடித்தென்றாலும் கூப்பிடுங்கள். அவர் கேட்பார், நான் சாட்சி. ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள். நான் எந்த மரத்தில் தொங்கினேன் என்பது ஆண்டவருக்கு முதல் நிமிடமே தெரியும். அவர் அனுப்ப நினைத்த றெஜினாவுக்குத்தான் நான் சொல்லாமல் போயிருந்தேன்.