முதலில் காவல், பிறகுதான் ஆட்டம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ராஜபாளையத்தில் நடந்தது இது. எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். தையல் கடை ராஜபாளையத்தில், ஒரு காம்ப்ளெக்ஸின் மாடியில். தினமும் பஸ்ஸில்தான் போக்குவரத்து. அந்த மாடியில் மொத்தமே இரண்டு கடைகள். ரோட்டைப் பார்த்தது என்னுடையது, பின்பக்கம் இருப்பது வீடியோ கேம் சென்டர். இரண்டுக்கும் நடுவே ஒரு நீள வராந்தா. கீழிருந்து வரும் படிக்கட்டு அந்த வராந்தாவின் பாதியில் வந்து சேரும்.

அந்த கேம் சென்டரை ஆரம்பத்தில் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எந்நேரமும் கூச்சல். ஒருநாள் இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போய் எட்டிப் பார்த்தேன். ஒருவர் கண்ணை மறைத்து என்னத்தையோ மாட்டிக்கொண்டு, வெறுங்காற்றில் கையை வீசி யாரையோ வெட்டிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி நாலு பேர் வாயைத் திறக்காமல் நின்றார்கள். கிறுக்குப் பிடித்த ஒருத்தருக்கு வேடிக்கை பார்க்க இத்தனை பேரா என்று தலையில் அடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

விவரம் சொன்னவள் ஒரு பெண். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறாள். லீவு நாளில் கேம் சென்டருக்குத் தவறாமல் வந்துவிடுவாள். என்னிடம் சுடிதார் தைக்கக் கொடுத்துப் பழக்கம். கண்ணில் மாட்டுகிற அந்தச் சாமானுக்கு வி.ஆர். ஹெட்செட் என்று பெயராம். மாட்டினால் உள்ளே வேறொரு உலகமே தெரியுமாம். நிற்கிற அறை மறைந்துவிடுமாம். வீடியோ கேம் ஆடுகிற எல்லாரும் இப்போது இதைத்தான் மாட்டிக்கொண்டு அலைகிறீர்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டாள்.

"இல்லக்கா, இங்க வாரவுகள்ல முக்காவாசிப் பேரு டிவில கிரிக்கெட் ஆடிட்டுப் போயிருவாக. மத்தவுகளுக்குப் போனே போதும். இதப் போடுறவுகள வெரல் விட்டு எண்ணிரலாம்."

காரணங்களையும் அடுக்கினாள். விலை ஒரு பக்கம். மாட்டிய கொஞ்ச நேரத்தில் சிலருக்குத் தலை கிறுகிறுத்துக் குமட்டிக்கொண்டு வரும். எல்லாவற்றையும் விட இடம்தான் பெரிய பிரச்சினை. நம் வீடுகளில் கையை வீசினால் டியூப்லைட் உடையும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் மூக்கு உடையும். நிற்கிற இடத்துக்கு எல்லை குறித்து வைத்தால், அதை நெருங்கும்போது அந்தக் கருவியே கோடு காட்டுமாம். ஆனால் இந்த அறை இருக்கிற அளவுக்குக் கோடு போட்டால் ஆள் நிற்கவே இடம் இருக்காதாம். அதனால் சென்டரில் இருக்கும் ஒரே ஹெட்செட்டை இவர்கள் ஐந்தாறு பேர் முறைவைத்து மாட்டுகிறார்கள். ஒருவர் ஆடும்போது மற்றவர்கள் காவல் நிற்கிறார்கள். நான் அன்றைக்குப் பார்த்தது வேடிக்கைக் கூட்டம் இல்லை, காவல்.

அந்தக் காவலுக்கு அவர்களாகவே வைத்துக்கொண்ட சட்டங்கள் உண்டு. ஹெட்செட்டுக்குள் நடக்கிற ஆட்டம் டிவியிலும் தெரியும்; அது எவ்வளவு சுவாரசியமாக ஓடினாலும் காவல் நிற்பவர் பார்க்கக் கூடாது. ஆடுகிறவரைச் சுற்றி என்ன இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். சுவரோ மேசை முனையோ, அவர் எங்கே போய் இடிப்பார் என்று தோன்றுகிறதோ அங்கே தன் உடம்பைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். சொல்லாமல் அவரைத் தொடக் கூடாது. எச்சரிக்கை கொடுப்பது ஒரே குரலாக இருக்க வேண்டும், மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. புதிதாக வருகிறவர் முதலில் காவல் நின்று பழக வேண்டும், பிறகுதான் ஆட்டம். ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு சட்டமா என்று அவளை நன்றாகக் கிண்டல் செய்தேன்.

அது கல்யாண சீசன். ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிந்த கையோடு பஸ் ஏறி வந்து கடை திறப்பேன். அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம் சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மறுநாள் அவளுக்கு வளைகாப்பு. ஜாக்கெட் கை இறுக்கமாகிவிட்டது என்று வந்தவளை உட்காரவைத்து, பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அவள் கணவர் வளையல் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தார்.

படாரென்று கீழே ஒரு சத்தம். கரண்ட் போய்விட்டது. படிக்குக் கீழே இருந்த மீட்டர் பெட்டி தீப்பிடித்திருக்கிறது என்பது பின்னால்தான் தெரியும். நான் கதவைத் திறந்ததும் கரும்புகை முகத்தில் அடித்தது. வராந்தாவே தெரியவில்லை. எங்கள் ஜன்னலில் கம்பி, அதற்கு வெளியே பெரிய விளம்பர போர்டு. வேறு வழி இல்லை. நான் அலறிக்கொண்டு அவள் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கமே இழுத்தேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அவளோ மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறாள். கீழே கூடியவர்கள் ஆளுக்கொன்று கத்துகிறார்கள். இறங்கச் சொல்கிறார் ஒருவர், இறங்காதே என்கிறார் இன்னொருவர். என் உயிரை விடுங்கள், என் கையில் இரண்டு உயிர் இருந்தது.

கேம் சென்டரில் அப்போது காவல் முறை அந்த மில் பெண்ணுடையது. ஹெட்செட் தன் சார்ஜிலேயே ஓடுமாம், அதை மாட்டியிருந்தவருக்குக் கரண்ட் போனதுகூடத் தெரியவில்லை. கதவிடுக்கில் புகை வருவதை முதலில் பார்த்தவள் இவள்தான். அவர்கள் கடைப் பக்கம் சந்துக்கு இறங்கும் இரும்பு ஏணிப்படி இருந்தது. அவருக்கு ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு எல்லாருமாக அப்படியே இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை.

வராந்தாவிலிருந்து அவள் குரல் வந்தது. மில் மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"எல்லாரும் செத்த நேரம் வாய மூடுங்க. நான் மட்டும் பேசுறேன்."

கீழே கத்தியவர்கள்கூட அடங்கிவிட்டார்கள்.

"அக்கா, நான் ஒங்க வாசல்லதான் நிக்கேன். இப்ப ஒங்க கையத் தொடப் போறேன்." சொன்ன பிறகுதான் தொட்டாள். அந்தத் தொடுதலில் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. கர்ப்பிணிப் பெண்ணிடமும் அதே மாதிரி சொல்லிவிட்டுத் தொட்டாள். முந்தானையைத் தண்ணீரில் நனைத்து மூக்கை மூடச் சொன்னாள். முடிந்த மட்டும் குனிந்து நடக்கச் சொன்னாள்.

"வலது கை செவுத்துலயே இருக்கட்டும், எடுக்காதீக. எடது பக்கம் படி வருது. அங்க நம்ம ஆளுக நிக்காக, விழ மாட்டீக."

நம்ம ஆட்கள் எங்கே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இருமிக்கொண்டே நாலைந்து அடி வைத்திருப்போம், கர்ப்பிணிப் பெண் இடது பக்கமாகத் தள்ளாடினாள். நானும் அவளோடு சாய்ந்தேன். படியில் உருளப் போகிறோம் என்று நினைத்த நேரத்தில் என் தோள் ஒரு முதுகில் போய் இடித்தது. அந்த முதுகு அசையவே இல்லை. இரண்டு பேர் கை கோத்துக்கொண்டு படிவாசலை அடைத்து நின்றிருந்தார்கள். ஏறி வருகிற புகை முழுக்க அவர்கள் முகத்தில். இருமல் மட்டும் கேட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை, பேச வேண்டியது ஒரு குரல்தானே.

ஏணிப்படி இறங்கிச் சந்துக்கு வந்து வெளிச்சத்தைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். எங்களுக்குப் பின்னால் அந்த இருவரும் கண் சிவந்து, மூக்கில் கரியோடு இறங்கினார்கள். கீழே கூடியிருந்தவர்கள் மின்சாரத்தை நிறுத்தி, மணலைக் கொட்டி, தீயை அணைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணைப் பரிசோதித்து, தாயும் பிள்ளையும் நலம் என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அப்போதுதான் பார்க்கிறேன், ஊசியும் நூலுமாக அந்த ஜாக்கெட் என் கையிலேயே இருக்கிறது. மறுநாள் அந்தப் பெண், ஜாக்கெட்டின் ஒரு கைக்குத் தையலும் இன்னொரு கைக்கு ஊக்குமாக அதைப் போட்டுக்கொண்டுதான் வளைகாப்புக்கு உட்கார்ந்தாள்.

அந்தப் புகைக்குள் போய் எப்படியப்பா நின்றீர்கள் என்று அந்த இருவரில் ஒருவரிடம் பின்னொரு நாள் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "எங்க அடிபடுமோ அங்கதானக்கா நிக்கணும்" என்றார், ஏதோ கடைக்குப் போய் வந்த மாதிரி.

கட்டடத்தைச் சரிசெய்து கடை திறந்தபின் நானும் அந்த ஹெட்செட்டை ஒருமுறை மாட்டிப் பார்க்க ஆசைப்பட்டேன். அந்தப் பெண் லேசில் விடவில்லை. "மொதல்ல காவல், பொறவுதான் ஆட்டம்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். சரி என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். அன்று ஆடியவள் அவளேதான். டிவியில் என்ன ஓடியது என்று நான் பார்க்கவில்லை. அவள் கால் மேசைப் பக்கம் நகர்ந்தபோது, நடுவில் போய் நின்றுகொண்டு, "ஏட்டி, எடது பக்கம் நான் நிக்கேன்" என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், பயமில்லாமல் ஆடிக்கொண்டே இருந்தாள்.

அந்த ஹெட்செட்டை நான் இன்னும் மாட்டவில்லை. அதற்குள் தெரிகிற உலகம் எவ்வளவு அழகோ எனக்குத் தெரியாது. ஆனால் வெளியே ஒருவர் நிற்கிறார் என்ற நம்பிக்கையில்தான் மனிதர் கண்ணை மூடத் துணிகிறார் என்பது தெரிந்துவிட்டது. அப்படி நிற்கத் தெரிந்தவர்கள் என் பக்கத்துக் கடையில் இருக்கிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம், தைக்கிற மெஷினை நிறுத்திவிட்டு அந்தக் கூச்சலைக் கொஞ்ச நேரம் ஆசையாகக் கேட்கிறேன்.