கிணற்று இன்ஜின் பந்தயத்துக்குப் போனது

கங்கப்பனின் இளமையில் பாதி, நின்றுபோன வண்டிகளைத் தள்ளுவதிலேயே கழிந்தது. சண்டைக்காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து, பஸ்களெல்லாம் முதுகில் அடுப்பைச் சுமந்துகொண்டு கரிப்புகையில் ஓடினவே, அப்போது அவன் ஓசூர் - தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் கிளீனர். பெயர்தான் பஸ். கெலமங்கலம் தாண்டி ஒரு மேடு வந்தால் போதும், ஜனங்கள் மூட்டை முடிச்சோடு இறங்கித் தள்ள வேண்டும். அவன் பஸ்ஸில் உட்கார்ந்து போனதை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. எல்லோரும் பார்த்தது அவன் முதுகைத்தான்.

அந்த வேலை போய், தொரப்பள்ளிக்குப் பக்கத்திலிருந்த தன் நிலத்துக்குத் திரும்பி, முனிலட்சுமியைக் கட்டிக்கொண்டு முட்டைக்கோஸ் போட ஆரம்பித்த பிறகும் ஆசை மட்டும் அவனை விட்டபாடில்லை. ஊரில் இருக்கிற வண்டியெல்லாம் நின்றுகிடக்க, தான் மட்டும் நிற்காமல் போக வேண்டும். ஒரே ஒரு நாள் போதும். சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். ஆனாலும் எல்லோரிடமும் சொன்னான்.

ஐம்பத்தாறாம் வருஷம் கோடையில் அதற்கு வழி பிறந்தது. பெங்களூரில் மோட்டார்ப் பைத்தியம் பிடித்த சில கனவான்கள் சேர்ந்து ஒரு பந்தயம் வைத்தார்கள். ஜூஜுவாடிக்கு அப்பால், மைசூர் எல்லைக்குள், வறண்டு கிடந்த ஒரு ஏரிதான் களம். காயலான் கடைக்காரனே வேண்டாம் என்று தள்ளிவிட்ட காராக இருக்க வேண்டும். இன்ஜின் எதுவானாலும் பரவாயில்லை. பன்னிரண்டு மணி நேரம் ஏரிக்குள்ளேயே சுற்ற வேண்டும். அதிகச் சுற்று சுற்றியவனுக்கு வெள்ளிக் கோப்பை. ஓசூரில் பட்டறை வைத்திருந்த மாரிசாமி இந்தச் சேதியைக் கொண்டுவந்தான். மாரிசாமிக்கு முடியாது என்ற சொல் வாயில் வராது. எதைக் கேட்டாலும் ‘ஆகும்’ என்பான். பாதிக்கு மேல் ஆகாமல் போகும், அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதில்லை.

கார் கிடைத்துவிட்டது. கெலமங்கலத்தில் ஒருவர் வீட்டுக் கொல்லையில் கோழிகள் அடைகிற ஒரு குட்டி ஆஸ்டின் இருந்தது. ஒரு கிடாரியைக் கொடுத்துக் கங்கப்பன் அதை வாங்கினான். கோழிகளையும் சேர்த்துத்தான் பேசினான், வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. காருக்குள் இன்ஜின் இருந்த இடத்தில் வைக்கோல்தான் இருந்தது.

“நல்லதாப் போச்சு கங்கண்ணா, பழசைக் கழட்டற வேலை மிச்சம்” என்றான் மாரிசாமி. “உங்க கிணத்து இன்ஜினைத் தூக்கி இதுல வெச்சா?”

“ஆகுமா?”

“ஆகும்.”

கங்கப்பன் அன்று ராத்திரி தூங்கவில்லை. கிணற்று இன்ஜின் என்றால் இடுப்பளவு உயரம், இரண்டு பக்கமும் பெரிய இரும்புச் சக்கரம், எண்ணெய் ஊற்றினால் நாள் முழுக்க டம டம என்று ஓடும். வேகம் கிடையாது. ஆனால் நிற்காது. ஊரில் மனிதர்கள் நின்றார்கள், மாடுகள் நின்றன, அந்த இன்ஜின் தானாக நின்று அவன் பார்த்ததில்லை.

சிக்கல் என்னவென்றால், அந்த இன்ஜின் அவனுடையது அல்ல. மூன்றில் ஒரு நாள் மட்டும் அவனுடையது. பங்காளிகள் மூன்று வீட்டார் சேர்ந்து வாங்கியது அது: கங்கப்பன், அவனுக்கு மூத்தவன் திம்மப்பன், இறந்துபோன இன்னொரு பங்காளியின் மனைவி நாகம்மா. இன்று பொழுது சாய்ந்ததிலிருந்து நாளை பொழுது சாயும்வரை ஒருத்தருக்கு முறை, அடுத்த நாள் அடுத்தவருக்கு. இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முறை மாறும்போது இன்ஜினை ஓடுகிற இன்ஜினாகத்தான் ஒப்படைக்க வேண்டும். ஆறிப்போன இன்ஜினைச் சுற்றிக் கிளப்ப மூன்று ஆள் வேண்டும், தோள் கழன்றுவிடும். அந்தப் பாட்டை அடுத்தவர் தலையில் கட்டக் கூடாது. தன் முறைக்குள் எத்தனை தரம் வேண்டுமானாலும் நிறுத்தலாம், கொடுக்கும்போது ஓட வேண்டும். வாங்குகிறவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று ‘முறை வந்தது’ என்பார், கொடுக்கிறவர் விலகிக்கொள்வார்.

ஆகவே இன்ஜின் மாற்றும் திட்டமெல்லாம் கங்கப்பனின் முறைநாளில்தான் நடக்க முடியும். அவன் முறை வந்ததும் மாரிசாமி சங்கிலியோடு வந்துவிடுவான். இன்ஜினைக் கழற்றி, மூங்கில் முக்காலியில் தூக்கி, காரில் வைத்துப் பார்ப்பார்கள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் திரும்பவும் கிணற்றுமேட்டில் பூட்டி, கிளப்பி, நாகம்மாவிடம் ஒப்படைப்பார்கள். இந்த ஒத்திகையில் கங்கப்பனின் வயலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் பாயவில்லை. அவனுடைய கோஸ் மொத்தமும் கருகிப்போனது. முனிலட்சுமி ஒன்றும் சொல்லாமல் கருகியதையெல்லாம் பிடுங்கி மாட்டுக்குப் போட்டாள். அந்தப் பேசாமைக்கு அவன் பயந்தான்.

முதலில் இன்ஜினை முன்னால் வைத்தார்கள். கார் மூக்கைத் தரையில் ஊன்றிக்கொண்டது. நடுவில் வைத்தார்கள். எல்லாம் பொருந்தியது, ஓட்டுகிறவனுக்குத்தான் இடமில்லை. பின்னால் வைத்தார்கள். முன்சக்கரம் இரண்டும் முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றன.

“ஆகும்” என்றான் மாரிசாமி.

முன்பக்கம் ஒரு பெரிய தகரப் பீப்பாயைக் கட்டி அதில் தண்ணீர் நிரப்பினார்கள். முன்சக்கரம் தரைக்கு வந்தது. அதே தண்ணீரைக் குழாய் வழியாக விட்டு இன்ஜின் சூட்டையும் தணித்துக்கொண்டார்கள். சூட்டில் தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய முன்பக்கம் லேசாகும், ஸ்டியரிங் பிடிக்காது, கார் தன் இஷ்டத்துக்குப் போகும். அதற்கு ஒரே வழி, யாராவது குடத்தோடு பக்கத்திலேயே நடந்துவந்து ஊற்றிக்கொண்டிருப்பது. நடந்து வரலாம், ஏனென்றால் காரின் வேகம் அவ்வளவுதான். இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்கு, பம்புக்குப் போகிற அதே பெல்ட்டு. ஒரு கோலை இழுத்தால் பெல்ட்டு தளர்ந்து வண்டி நிற்கும், இன்ஜின் மட்டும் ஓடும். விட்டால் போகும். பிரேக் இல்லை. கியர் இல்லை. எண்ணெய்க் குழாயின் திருகு மட்டும் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சாத்தினால் இன்ஜின் அடங்கும்.

பந்தயநாள் ஞாயிற்றுக்கிழமை, கங்கப்பனின் முறை. திம்மப்பன் லேசில் விடவில்லை.

“அத்தனை தூரம் கொண்டுபோறே. பொழுது சாய நாகம்மாவுக்கு முறை. எங்க வெச்சுக் கொடுப்பே?”

“ஏரியிலேயே கொடுத்துடறேன் அண்ணா. ஆறு மணிக்குப் பந்தயம் முடிஞ்சுடும். அண்ணி வந்து வாங்கிக்கட்டும். அப்படியே வண்டியோட ஊருக்கு வந்துடலாம். வழியில போற நேரத்தை அடுத்த முறையில நான் கழிச்சுக் கொடுக்கறேன்.”

“ஓடறதைக் கொடுக்கணும். நின்னுபோனதைக் கொடுத்தியானா உன் முறை எங்க ரெண்டு வீட்டுக்கு. அப்புறம் கிணத்துப் பக்கம் வரக் கூடாது.”

கங்கப்பன் சரி என்று கையடித்துக் கொடுத்தான். முறை போனால் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லையென்றால் அந்த நிலம் வெறும் தரை. அன்று ராத்திரிதான் முனிலட்சுமி வாயைத் திறந்தாள்.

“முறையை விட்டுட்டு வந்தீங்கன்னா வீட்டுக்கு வராதீங்க. அந்தக் காருக்குள்ளயே குடியிருங்க. கோழி இருந்துச்சில்ல, நீங்களும் இருங்க.”

ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய பந்தயம் ஏழு மணிக்குத்தான் தொடங்கியது. கொடியசைக்க வேண்டிய பெரிய மனிதர் தூங்கி எழுந்து வர நேரமாகிவிட்டது. எல்லோரும் அவருக்கு மாலை போட்டுச் சிரித்தார்கள். கங்கப்பன் மட்டும் மேற்கே, இன்னும் வராத சாயங்காலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கணக்கு ஒரு மணி நேரம் பிசகிவிட்டது.

கொடி இறங்கியதும் மற்ற கார்களெல்லாம் சீறிக்கொண்டு கிளம்பின. கல்லூரிப் பிள்ளைகள், காப்பித் தோட்டக்காரர்கள், தோல் கையுறை மாட்டிய ஒரு டாக்டர். புழுதி அடங்கியபோது ஏரிக்கு நடுவில் டம டம என்று கங்கப்பன் மட்டும் தெரிந்தான். பக்கத்தில் முனிலட்சுமி இடுப்பில் குடத்தோடு நடந்துகொண்டிருந்தாள். கரையிலிருந்து ஒரே சிரிப்பு. ஒலிபெருக்கியில் பேசியவருக்கு அன்று முழுக்க இவர்களைப் பற்றிச் சொல்வதற்கே நேரம் போதவில்லை.

எட்டு மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. டாக்டர் வண்டி கொதித்து நின்றது. இன்னொன்றுக்கு டயர் வெடித்தது. இரண்டு தோட்டக்காரர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, இங்கிலீஷில் வெகு மரியாதையாகத் திட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள், சாப்பிட்டு வந்தால் அது கிளம்பவில்லை. கங்கப்பன் நிற்கவில்லை. களி உருண்டையை முனிலட்சுமி நடந்தபடியே ஊட்டினாள். சுற்றி வரும்போதெல்லாம் சட்டையைக் கழற்றிவிட்டு வண்டி தள்ளுகிற கனவான்களைக் கடந்து போனான். இளமையில் எந்த முதுகு அவனுக்கு வாய்த்ததோ, அந்த முதுகு இன்று அவர்களுக்கு வாய்த்திருந்தது. அவனுக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

நாலு மணிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆறு மணிக்கு ஜனங்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் கை தட்டினார்கள். பந்தயக் கமிட்டியின் வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர் மூச்சிரைக்கக் கூடவே ஓடிவந்து, கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார்.

“நீவே முதல்! இனி யாரும் உங்களைப் பிடிக்க முடியாது. வண்டி ஓடணும்னுகூட இல்லை, நின்னாலும் சரி. ஏழு மணிக்குத் துப்பாக்கி வெடிக்கிறப்போ ஏரிக்குள்ள இருக்கணும், அவ்வளவுதான்.”

கங்கப்பன் தலையை ஆட்டினான். ஏரிக்கரையில் திம்மப்பனும் நாகம்மாவும் வந்து நின்றிருந்தார்கள். நாகம்மா பந்தயத்தைப் பார்க்கவில்லை. சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறரைக்குச் சூரியன் இறங்கியது. நாகம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே களத்துக்குள் நடந்து வந்தாள். கங்கப்பன் கோலை இழுத்தான். வண்டி நின்றது, இன்ஜின் ஓடியது. அவள் சக்கரத்தின் பக்கத்தில் நின்று சொன்னாள்.

“முறை வந்தது.”

கங்கப்பன் இறங்கினான். வேறு என்ன செய்வது? அவள் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“அண்ணி, இன்னும் அரை மணி. இப்படியே சுத்திக்கிட்டு இருங்க, இல்லே சும்மாவாச்சும் நிக்கட்டும். கோப்பை நமக்குத்தான்.”

“சுத்தி எங்க போறது?”

“எங்கயும் போறதில்லே. இங்கேயேதான்.”

“இங்கேயே வர்றதுக்கா எண்ணெய் ஊத்தறீங்க? அங்க என் கோசு காயுது கங்கப்பா. ஏழெட்டு மைல் போகணும். அரை மணின்னா நாலு பாத்திக்குத் தண்ணி.”

சொல்லிவிட்டுக் கோலை விட்டாள். வண்டி ஏரியின் வாய்ப்பக்கம் திரும்பியது. இரட்டை மாட்டு வண்டி ஓட்டுகிற கை, ஸ்டியரிங் அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. வெள்ளைத் தொப்பிக்காரர் “நில்லிசி, நிறுத்துங்க” என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்.

கங்கப்பன் பக்கத்திலேயே நடந்தான். எண்ணெய்த் திருகு அவன் கைக்கெட்டுகிற உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. சாத்தினால் இன்ஜின் நிற்கும், வண்டி ஏரிக்குள்ளேயே நிற்கும், கோப்பை அவனுடையது. பெங்களூர்க்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். ஆனால் கைமாறுகிற நேரத்தில் இன்ஜினை நிறுத்தியவன் என்று ஆகிவிடும். முறை போய்விடும். எதிரே மாரிசாமி இரண்டு கையாலும் ‘சாத்து, சாத்து’ என்று ஜாடை காட்டினான். முனிலட்சுமி ஜாடை எதுவும் காட்டவில்லை. குடத்திலிருந்த கடைசித் தண்ணீரைப் பீப்பாயில் ஊற்றிவிட்டு அவன் கையையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அவன் விரல் திருகின் மேல் இருந்தது. சூடாக இருந்தது. எடுக்கவும் மனமில்லை, திருகவும் மனமில்லை, அப்படியே கொஞ்ச தூரம் நடந்தான்.

ஏரியின் வாயில் ஒரு மூங்கில் தடுப்பு போட்டிருந்தார்கள். அது நெருங்கியபோது கங்கப்பன் கையை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினான். ஓடிப்போய், தன் கையாலேயே அந்த மூங்கிலைத் தூக்கிப் பிடித்தான். நாகம்மா குனிந்து, அவனைத் தாண்டி வெளியே போனாள்.

கோப்பையைத் தோல் கையுறை டாக்டருக்குக் கொடுத்தார்கள். அவருடைய வண்டி அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் நாகம்மா கோலை இழுத்து வண்டியை நிறுத்தி, பின்னால் வந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்தாள்.

“ஏறு கங்கப்பா. எதுக்கு நடக்கறே?”

“உங்க முறை அண்ணி.”

“இன்ஜின்தான் என் முறை. வண்டி உன்னுது தானே? நீ ஓட்டு. முனிலட்சுமி, நீயும் வா, காலு வீங்கிக் கிடக்குது.”

திம்மப்பனும் மாரிசாமியும் தண்ணீர்க் குடத்தோடு கூடவே நடந்து வர, மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்துகொண்டு ஜூஜுவாடி வந்து சேர்ந்தார்கள். மைசூர்ப் பக்கத்திலிருந்து வருகிற வண்டிகளில் சாராயம் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனைச்சாவடி அங்கே உண்டு. போலீஸ்காரர் லாந்தரைத் தூக்கிப் பார்த்தார். காருக்குள் இன்ஜினைப் பார்த்தார், பீப்பாயை மோந்து பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை.

“இன்ஜினை நிறுத்துய்யா. எங்க போயிட்டு வர்றீங்க?”

“நிறுத்தக் கூடாதுங்க” என்றாள் நாகம்மா. “தண்ணி பாய்ச்சப் போறோம்.”

“ஏரியில ஏதோ கார்ப் பந்தயம்னாங்களே, அதுக்கா இது? யாரு கெலிச்சது?”

கங்கப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் நாகம்மா சொல்லிவிட்டாள்.

“கெலிச்சது இவன்தானுங்க. நான்தான் கூட்டிக்கிட்டு வந்துட்டேன்.”

கங்கப்பனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பகல் முழுக்க வராதது, மூங்கிலைத் தூக்கும்போது வராதது, இப்போது போலீஸ்காரர் முன்னால் வந்தது. முனிலட்சுமி முந்தானையை நீட்டினாள். முறை அண்ணியுடையது, இன்ஜினை நிறுத்திவிட்டு அழ முடியாது. கோலை விட்டு, வண்டியை ஓசூர் சாலையில் திருப்பி, அந்த டம டமவுக்குள்ளேயே அழுதுகொண்டு ஓட்டினான்.