பச்சை ஒட்டிய ஞாயிறு

சின்னம்மாவின் சட்டையில் ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அவசரமில்லை, காத்திருக்கலாம் என்று அதற்குப் பொருள்.

அப்போது நான் நீலாயில் ஒரு தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, அடுத்தது எதுவென்று தெரியாமல் திரிந்துகொண்டிருந்தேன். படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன், எங்கும் நிலைத்ததில்லை. போய்ப் படுக்க லிங்கிப் பக்கத் தோட்டத்தில் சின்னம்மா வீடு இருந்தது. அவர் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குபவர். ஒரு சனிக்கிழமை முள் ஒன்று வலது ஆள்காட்டி விரல் மூட்டில் இறங்கி உள்ளேயே முறிந்துவிட்டது. ஊசியால் கிண்டி எடுத்துவிட்டதாக நினைத்து, மஞ்சள் பற்றுப் போட்டுப் படுத்தார். மறுநாள் மதியம் விரல் வீங்கிச் சிவந்து, மடங்காமல் நின்றது. உயிர் போகிற காரியமில்லை. திங்கட்கிழமை வரை விடக்கூடியதும் இல்லை. தோட்டத்து மருந்தகம் ஞாயிறன்று பூட்டித்தான் கிடக்கும். விடுமுறையிலும் திறந்திருக்கும் டவுன் கிளினிக்குக்கு என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனேன்.

வாசலில் இருந்த மலாய்க்காரத் தாதி, "போலே தஹான், மாச்சிக்?" என்று கேட்டாள். தாங்க முடிகிறதா என்று. "தஹான், தஹான்" என்று சிரித்திருக்கிறார் சின்னம்மா. நான் மோட்டாரை நிறுத்திவிட்டு வருவதற்குள் பச்சை ஒட்டியாயிற்று.

தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது, காய்ச்சலோடு நிற்பவரைப் பார்த்து, வேலை வாங்கும் மண்டோர் "தஹானா?" என்பார். இல்லை என்றால் அன்று வேலை இல்லை; இரண்டு முறை இல்லை என்றால் அவர் பொறுக்கும் மர நிரை வேறொருவருக்கு. அது உடம்பைப் பற்றிய கேள்வியே அல்ல. தாங்கும் என்று சொல்லியே பழகிய வாய் சின்னம்மாவுடையது.

தாதியிடம் வாதாடிப் பார்த்தேன். அவரே சொன்னாரே என்றாள். அவள் மேலும் தப்பில்லை. பெஞ்சில் இருமிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "பச்சை ஒட்டிட்டாங்கன்னா பழுக்குற வரைக்கும் குந்த வேண்டியதுதான் லா, தம்பி" என்றார். சின்னம்மாவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"வலிக்குதுன்னு வாய்விட்டுச் சொல்லுங்க சின்னம்மா."

"சும்மா இருடா. இத்தன பேரு ஒக்காந்திருக்காங்க, நான் மட்டும் கத்தவா?"

எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் அவசரத்துக்கான மஞ்சளை ஒட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். மூடும் நேரம் வந்ததும், மிச்சமிருந்த பச்சைக்காரர்களை நாளை வரச் சொல்லிவிட்டார்கள். நாளை அவருக்குப் பெரட்டு. நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் போய், இடது கையால் பொறுக்கினார். சீழ் எலும்புவரை இறங்கி, அந்த வாரம் முடிவதற்குள் பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள். அவருடைய நிரை வேறு ஆளுக்குப் போனது. வேலையோடு வந்த வீடு வேலையோடு போனது.

இப்போது சின்னம்மா அம்பாங்கானில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே கடைவரிசைக்கு ஒரு கிளினிக். ஞாயிறு, தீபாவளி என்று பார்க்காமல் திறந்திருக்கிறது. லாரி ஓட்டத்தில் அந்தப் பக்கம் போனபோது, இத்தனை காலம் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்: "அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

நாலு விரலால் கோப்பையைப் பிடித்து என் முன்னால் தேநீரை வைத்தார்.

"பின்ன என்னடா சொல்றது? அந்தப் பொண்ணு எவ்ளோ மரியாதையா கேட்டுச்சி. அதுவரைக்கும் யாரு என்னைய அப்படிக் கேட்டிருக்கா? அது மூஞ்சிக்கு நேரா முடியலன்னு சொல்ல மனசு வரல."